ஐந்து வாட் குரல்

பண்பலை அறிவிப்பாளர்களிடம் நேயர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கோலாலம்பூர்ல கணீர்னு கேட்குது. காராக் நெடுஞ்சாலையில மலையைத் தாண்டினா ஏன் கரகரன்னு ஆயிடுது?" நியாயமான கேள்விதான். பண்பலை ஏறக்குறைய ஒளியைப் போல நேர்கோட்டில் போகிறது. மலை குறுக்கே வந்தால் மறுபக்கம் நிழல் விழுந்துவிடும். அதனால்தான் கெந்திங்குக்குப் பக்கத்தில் உலு காலி மலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்களை நிறுத்தியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான வாட் திறனில் அனுப்பினாலும், தித்திவங்சா மலைத்தொடரின் அந்தப் பக்கத்துக்கு வேறு கோபுரமும் வேறு அலைவரிசையும் தேவைப்படுகின்றன.

இதே நாட்டில், நம் குளியலறை எல்.இ.டி. விளக்கைவிடக் குறைந்த திறனில் அலையை அனுப்பி ஜப்பானோடும் ஐரோப்பாவோடும் தொடர்பு கொள்பவர்கள் இருக்கிறார்கள். நடுவில் இணையம் கிடையாது. கைப்பேசிக் கோபுரம் கிடையாது. செயற்கைக்கோளும் கிடையாது. ஐந்து வாட் கருவி ஒன்று, மரத்தில் கட்டிய கம்பி ஒன்று, அவ்வளவுதான் அவர்களின் நிலையம். வானொலியைத் தொழிலாக வைத்திருக்கும் எனக்கே இது கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. இந்த வாரம் அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

யார் இவர்கள்?

'ஹாம்' என்பது இவர்களுக்கு உலகம் முழுவதும் வழங்கும் செல்லப் பெயர். அமெச்சூர் வானொலியாளர்கள் என்று சொல்லலாம். இவர்கள் விளம்பரம் செய்யக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது, பேசுவதற்குக் காசு வாங்கக்கூடாது. தேர்வு எழுதித் தேறி, அரசாங்கத்திடம் உரிமம் பெற்று, தனக்கென்று ஓர் அழைப்புக் குறியை வாங்கிய பிறகுதான் ஒலிபரப்ப முடியும். அந்தக் குறியின் முதல் எழுத்துகளைக் கேட்டாலே ஆள் எந்த நாடு என்று தெரிந்துவிடும். தீபகற்ப மலேசியா என்றால் 9எம்2 அல்லது 9டபிள்யூ2. சபாவுக்கு 6, சரவாக்குக்கு 8. சிங்கப்பூருக்கு 9வி1, இந்தியாவுக்கு வி.யூ., இலங்கைக்கு 4எஸ்7. தாய்லாந்தின் மறைந்த மாமன்னர் பூமிபோலுக்கு எச்.எஸ்.1ஏ என்ற குறி இருந்தது. ராஜீவ் காந்தியின் குறி வி.யூ.2ஆர்.ஜி.

பெரும்பாலான ஹாம்கள் 100 வாட் கருவியை வைத்திருப்பார்கள். அதற்கு மேலும் கூட்டிக்கொள்ளப் பெருக்கி வாங்குபவர்கள் உண்டு. இவர்களுக்கு நேர் எதிர்த்திசையில் போகும் ஒரு சிறு கூட்டமும் உண்டு. மோர்ஸ் சங்கேதத்தில் 5 வாட், குரலில் பேசினால் 10 வாட், அதற்கு மேல் போகமாட்டோம் என்று தாங்களாகவே எல்லை வகுத்துக்கொண்டவர்கள். இந்த வழக்கத்துக்கு க்யூ.ஆர்.பி. என்று பெயர். அந்தக் காலத்துத் தந்தியாளர்கள் மொழி தெரியாமலேயே பேசிக்கொள்ள உருவாக்கிய மூன்றெழுத்துக் குறிகளில் இதுவும் ஒன்று. 'உன் திறனைக் குறைத்துக்கொள்' என்பது இதன் பொருள்.

யாரும் குறைக்கச் சொல்லாதபோது ஒருவர் ஏன் தானே குறைத்துக்கொள்ள வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேட, முதலில் அலை எப்படிப் போகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

தலைக்கு மேல் ஒரு கூரை

சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்று மண்டலத்தின் மேலடுக்கில் உள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து எடுக்கின்றன. தரையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்கு மேலே தொடங்கும் அந்தப் பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிற்றலைகள் அங்கே போய், வளைந்து, மீண்டும் பூமிக்கே திரும்பி வருகின்றன. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள எங்கள் பண்பலையோ அந்தக் கூரையைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும்.

ஒருமுறை மேலே போய்த் திரும்பி வந்தால் அதை ஒரு தாவல் என்பார்கள். 200 கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் எஃப் அடுக்கில் பட்டுத் திரும்பும் அலை, ஒரே தாவலில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல்கூடப் போகும். கோலாலம்பூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர். அதாவது ஒரே தாவல். ஜப்பானுக்கு இரண்டு தாவல். 10,500 கிலோமீட்டர் தொலைவில் உள்ள லண்டனுக்கு மூன்று அல்லது நான்கு. கடலிலும் தரையிலும் பட்டுப் பட்டு, குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு மாதிரி அலை தாவிக்கொண்டே போகும்.

இந்தக் கூரை நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. பகலில் கீழே டி என்று ஓர் அடுக்கு உருவாகி, 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகளைப் பெருமளவு விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். அதனால் இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும். பகலில் 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் கைகொடுக்கும். நமக்கு வருடம் முழுக்கக் காலை ஏழு மணியை ஒட்டி விடிந்து, மாலை ஏழு மணியை ஒட்டி இருட்டுகிறது. பகலும் இரவும் சந்திக்கும் அந்தச் சிறிது நேரத்தில் மட்டும் எதிர்பாராத தூரத்து நிலையங்கள் காதில் விழும். அதனால், நாம் மாலையில் தேநீர் குடிக்கும் நேரத்தில் ஹாம்கள் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

இதற்கெல்லாம் மேலே, சூரியனுக்கே ஏறக்குறைய 11 ஆண்டுச் சுழற்சி ஒன்று இருக்கிறது. சூரியனில் கரும்புள்ளிகள் கூடும் காலத்தில் அயனி மண்டலம் வலுப்பெறும், உயர் அலைவரிசைகள் திறந்துகொள்ளும். இப்போதைய சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டிவிட்டது என்று 2024 அக்டோபரில் நாசாவும் அமெரிக்க வானிலை அமைப்பான நோவாவும் அறிவித்தன.

இருபது மடங்கு என்பது எவ்வளவு?

100 வாட்டோடு ஒப்பிட்டால் 5 வாட் இருபதில் ஒரு பங்கு. அப்படியானால் சத்தமும் இருபதில் ஒரு பங்காகத்தானே கேட்கும் என்று தோன்றும். அங்கேதான் ஒரு சுவாரசியம் இருக்கிறது. அலையின் வலுவை ஹாம்கள் டெசிபெல் கணக்கில் அளப்பார்கள். இருபது மடங்கு வித்தியாசம் அந்தக் கணக்கில் 13 டெசிபெல். வானொலிக் கருவியில் 1 முதல் 9 வரை காட்டும் முள் ஒன்று இருக்கும். அதில் ஒரு புள்ளி என்பது 6 டெசிபெல். ஆக, 100 வாட்டில் 9 காட்டிய முள், 5 வாட்டில் ஏறத்தாழ 7க்கு இறங்கும். இரண்டே புள்ளிதான். அலைவழி நன்றாகத் திறந்திருக்கும் நாளில் அந்த இரண்டு புள்ளி ஒரு பொருட்டே இல்லை.

மோர்ஸ் இன்னொரு வகையிலும் உதவுகிறது. மனிதக் குரலை அனுப்ப ஏறக்குறைய 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸின் 'டி டா' சத்தத்துக்கு இருநூறு ஹெர்ட்ஸ்கூட வேண்டாம். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் அதே தண்ணீர் தூரமாகப் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அது போலத்தான், ஐந்து வாட்டையும் ஒரு சின்ன இடுக்கில் குவித்து அனுப்புகிறார்கள்.

உதவாத அலை என்று ஒதுக்கப்பட்டது

இவ்வளவு தூரம் போகும் சிற்றலையை ஒரு காலத்தில் எதற்கும் ஆகாது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? 1912இல் அமெரிக்கா ஒரு வானொலிச் சட்டம் கொண்டுவந்தது. தூரம் போக வேண்டுமானால் நீளமான அலைதான் வேண்டும் என்று நிபுணர்கள் கருதிய காலம் அது. நல்ல அலைகளைக் கப்பலுக்கும் ராணுவத்துக்கும் வைத்துக்கொண்டு, 200 மீட்டரும் அதற்குக் குறைந்த நீளமும் உள்ள அலைகளைப் பொழுதுபோக்குக்காரர்களிடம் தள்ளிவிட்டார்கள்.

தள்ளிவிட்டதை அவர்கள் விடவில்லை. 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரோசன் கடற்கரையில் கூடாரம் அடித்து உட்கார்ந்து, அட்லாண்டிக்கைக் கடந்து வந்த அமெரிக்க அமெச்சூர்களின் சமிக்ஞைகளைப் பதிவு செய்தார். 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லியோன் டெலாய் அமெரிக்க அமெச்சூர்களுடன் இருவழித் தொடர்பே கொண்டுவிட்டார். அதுவும் 200 மீட்டரில் ஏறக்குறைய பாதி நீளமுள்ள அலையில்.

எனக்கு மிகவும் பிடித்தது 1924 அக்டோபர் 18ஆம் தேதி நடந்தது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் ஷேக் வேலி என்ற ஆட்டுப் பண்ணை. அங்கே பிராங்க் பெல் என்பவர் மோர்ஸ் கீயைத் தட்டுகிறார். உலகின் மறுபக்கத்தில், லண்டன் மில் ஹில் பள்ளியிலிருந்து பதில் வருகிறது. பதில் சொன்னவர் சிசில் கோய்டர், அந்தப் பள்ளியின் மாணவர். இரண்டு நாடுகளுக்கும் இடையே நடந்த முதல் இருவழி வானொலித் தொடர்பு அதுதான். அரசாங்கங்கள் பெரிய பெரிய கோபுரங்களைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஆட்டுப் பண்ணைக்காரரும் ஒரு பள்ளி மாணவரும் அதைச் செய்து காட்டினார்கள். பின்னர் பிராங்கின் அக்கா பிரெண்டா பெல் அந்த நிலையத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நியூசிலாந்தின் முதல் பெண் அமெச்சூர் வானொலியாளர் அவர்தான். 1927இல் தென்னாப்பிரிக்காவைத் தொடர்பு கொண்ட முதல் நியூசிலாந்துக்காரர் என்ற பெருமையும் அவருக்கே.

தைப்பிங்கில் ஒரு மாலை

வரலாற்றைப் படித்தால் மட்டும் போதுமா? நேரில் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. தோழி ஒருத்தியின் அப்பா க்யூ.ஆர்.பி. ஆர்வலர். தைப்பிங்கில் இருக்கிறார். தொலைபேசிக் கம்பி பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பின்வாசலில் ரம்புத்தான் மரம், அதிலிருந்து துணி காயப்போடும் கம்பத்துக்கு இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி. மொத்தம் பத்து மீட்டர் நீளம். நடுவிலிருந்து ஒரு வயர் இறங்கி, ஜன்னல் வழியே உள்ளே வருகிறது. மேசைமேல் ஒரு சின்னப் பெட்டி.

"என்ன அங்கிள், டிபன் கேரியர் மாதிரி இருக்கு?"

"டிபன் கேரியர் இதைவிடப் பெரிசும்மா. வேணும்னா ஆன்ட்டியைக் கேட்டுப் பாரு."

பக்கத்தில் 12 வோல்ட் பேட்டரி, வெண்கல நிறத்தில் ஒரு மோர்ஸ் கீ, இரண்டு ஹெட்போன். ஒன்றை எனக்குக் கொடுத்தார். மணி ஆறரை. 14.060 மெகாஹெர்ட்ஸ். க்யூ.ஆர்.பி. ஆட்கள் கூடும் இடம் அது. எங்கேயோ இடி இடித்துக்கொண்டிருந்தது. தைப்பிங்கில் அது ஒன்றும் புதிதில்லை. ஒவ்வொரு மின்னலுக்கும் ஹெட்போனில் 'படார்' என்று ஒரு சத்தம். இடி பக்கத்தில் வந்தால் ஏரியலைக் கழற்றிவிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அன்று இடி தூரத்திலேயே நின்றது.

அங்கிள் கீயைத் தொடவே இல்லை. குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

"எப்ப அங்கிள் பேசுவீங்க?"

"முதல்ல கேக்கணும்மா. யாராச்சும் பேசிக்கிட்டிருக்கும்போது நடுவுல பூந்தா அது மரியாதை இல்ல. அப்புறம், நம்ம சத்தம் சின்னது. நாம கூவிக் கூப்பிட்டா யாரு திரும்பிப் பாக்கப் போறா? பெரிய ஏரியல் வச்சிருக்கறவங்க கூப்பிடட்டும். அவங்களுக்குப் பதில் சொல்லுவோம்."

கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் தெளிவாக எழுந்தது. 'சி.க்யூ., சி.க்யூ.' என்ற பொது அழைப்பு. ஜே.ஏ.8 என்று தொடங்கும் குறி. ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ. தைப்பிங்கிலிருந்து ஏறக்குறைய 5,800 கிலோமீட்டர். அங்கிள் தன் குறியை இரண்டு முறை தட்டினார். அமைதி. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து 9எம், அதற்குப் பின் ஒரு கேள்விக்குறி. பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கிள் மறுபடி அனுப்பினார். நடுவில் மின்னல். இந்தமுறை 9எம்2 வரை வந்து, மறுபடி கேள்விக்குறி. சத்தம் மங்கி, மேலெழுந்து, மறுபடி மங்கியது. நான் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான்காவது முறையில் முழுக் குறியும் ஒரு பிழையும் இல்லாமல் திரும்பி வந்தது. கூடவே 339 என்ற மதிப்பெண். சிரமப்பட்டுத்தான் புரிகிறது, சத்தம் பலவீனம், ஆனால் சுருதி சுத்தம் என்று அதற்குப் பொருள். அங்கிள் அவருக்கு 579 கொடுத்தார். இரு பக்கமும் நன்றி சொல்லி, 73 என்று முடித்தார்கள். 'என் அன்பான வாழ்த்துகள்' என்பதற்குத் தந்தியாளர்களின் சுருக்கம் அது.

மொத்தம் ஆறு நிமிடம். பரிமாறிக்கொண்டது இரண்டு குறிகள், இரண்டு எண்கள், ஒரு வாழ்த்து. அங்கிள் நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், அலைவரிசை எல்லாவற்றையும் எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் போட்டது அஞ்சு வாட்டும்மா. மிச்சத்தை அவருதான் போட்டாரு."

அன்று நான் கொண்டுவந்தது அந்த வாசகத்தைத்தான். கேட்பவர் சிரமப்படக்கூடாது என்பது என் தொழிலின் பாலபாடம். பேருந்தில், சமையலறையில், நெரிசலில் எங்கே இருந்தாலும் காதில் விழ வேண்டும் என்று எங்கள் குரலைக் கருவிகள் இறுக்கி, உயர்த்தி, மெருகேற்றித்தான் வெளியே அனுப்புகின்றன. ஹொக்கைடோக்காரருக்கு அந்த வசதி எதுவும் இல்லை. இரைச்சலுக்கு அடியில் யாரோ ஒருவர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தது. குமிழை அடுத்த நிலையத்துக்குத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. நான்கு முறை கேட்டார். அந்தத் தொடர்பு நடந்ததற்குப் பாதிக்கு மேல் காரணம் அவருடைய காது.

குறைந்த திறனில் ஏன் இயங்குகிறார்கள் என்பதற்கு எனக்குக் கிடைத்த விடையும் அதுதான். ஆயிரம் வாட் இருந்தால் இன்னொருவரின் பொறுமை நமக்குத் தேவைப்படாது. ஐந்து வாட்டில் நேரம் பார்க்க வேண்டும், வானம் பார்க்க வேண்டும், கம்பியைச் சரியாகக் கட்ட வேண்டும். கடைசியில் யாரோ ஒருவர் நமக்குக் காது கொடுக்கவும் வேண்டும்.

நகரத்தில் காது மங்குகிறது

இப்போது அந்தக் காதுக்குத்தான் ஆபத்து. பெட்டாலிங் ஜெயாவில் நான் இருக்கும் அடுக்குமாடியில் சிற்றலை வானொலியைத் திருப்பினால் பெரும்பாலும் 'உர்ர்' என்ற சத்தம்தான். மலிவான கைப்பேசி சார்ஜர், எல்.இ.டி. விளக்கின் மின்சுற்று, மின்தூக்கி மோட்டார், கூரைச் சூரியத் தகட்டின் இன்வெர்ட்டர் என்று ஆளுக்குக் கொஞ்சம் இரைச்சலைக் கசியவிடுகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் சின்னதுதான். முந்நூறு வீடு சேர்ந்தால் சுவர் எழும்பிவிடுகிறது. இதில் ஒரு விநோதம் உண்டு. இங்கிருந்து அனுப்பும் ஐந்து வாட், அமைதியான நாட்டுப்புறத்தில் இருக்கும் ஒருவருக்குக் கேட்கும். அவர் சொல்லும் பதில்தான் நமக்குக் கேட்காது. இப்படிப்பட்ட நிலையங்களை ஹாம்கள் 'முதலை' என்று கேலி செய்வார்கள். வாய் பெரிது, காது இல்லை.

இதற்கு அறிவியல் ஒரு வழி கண்டிருக்கிறது. 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் ஒரு ஹாம். அவரும் ஸ்டீவ் பிராங்க் என்ற இன்னொரு ஹாமும் சேர்ந்து 2017இல் எஃப்.டி.8 என்ற முறையை வெளியிட்டார்கள். பதினைந்து பதினைந்து விநாடியாகக் கணினியே அனுப்பும், கணினியே கேட்கும். மனிதக் காதுக்கு எட்டாத, இரைச்சலுக்குள் புதைந்த சமிக்ஞையைக்கூட அது தோண்டி எடுத்துவிடும். பால்கனியில் சின்னக் கம்பியை வைத்துக்கொண்டு ஐரோப்பாவைப் பிடிக்கும் இளைஞர்களுக்கு இது வரப்பிரசாதம். அங்கிளுக்கு இதில் பெரிய ஈடுபாடு இல்லை. "கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்குது, நமக்கென்னம்மா வேலை?" என்கிறார். எனக்கு இரண்டும் வேண்டும் என்றுதான் படுகிறது. கொண்டோவில் இருப்பவருக்கு எஃப்.டி.8 கதவைத் திறந்துவைக்கிறது. ஆனால் காதால் கேட்டுப் பழகும் பயிற்சியை அது தராது.

இன்னொரு வழியும் இருக்கிறது. பெட்டியையும் பேட்டரியையும் பையில் போட்டுக்கொண்டு இரைச்சல் இல்லாத இடத்துக்குப் போய்விடுவது. ஐந்து வாட் கருவிக்கு அதுதான் பெரிய வசதி. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால், கடற்கரையில் நட்டுவைத்த செங்குத்து ஏரியல் வீட்டைவிடப் பல மடங்கு நன்றாக வேலை செய்யும். போர்ட்டிக்சனுக்குக் குடும்பத்தோடு போகும்போது, தூண்டில் கம்பு மாதிரி ஒன்றை நட்டுவைத்துவிட்டு ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், அவர் மீன் பிடிக்க வந்தவராக இல்லாமலும் இருக்கலாம்.

கோபுரங்கள் சாய்ந்த நாளில்

கைப்பேசி இருக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பரை நினைவூட்டலாம். இந்தியாவின் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் குழு ஒன்று அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தது. நீண்ட காலமாக அமெச்சூர் ஒலிபரப்புக்கு வாய்ப்பில்லாதிருந்த அந்தத் தீவுகளிலிருந்து உலகெங்கும் தொடர்பு கொள்வதற்காகத்தான் போயிருந்தார்கள். 26ஆம் தேதி காலை நிலம் நடுங்கியது. சுனாமி வந்தது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. தூர தேசத்து நண்பர்களைப் பிடிக்கக் கொண்டுபோன அதே கருவிகளைக் கொண்டு, உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய செய்திகளை இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். வீட்டில் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பல நேரங்களில் அந்த வழியாகத்தான் முதல் தகவல் கிடைத்தது.

கருவியும் பேட்டரியும் மட்டும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெயரையும் ஊரையும் பிழையில்லாமல் பிடித்து எழுதத் தெரிந்த காதுகள் இரண்டு பக்கமும் தேவைப்பட்டன. அந்தப் பழக்கம் ஆபத்து வந்த பிறகு ஒரே நாளில் வந்துவிடாது. பொழுதுபோக்காக ஒவ்வொரு மாலையும் உட்கார்ந்து பழகியவர்களிடம்தான் அது இருக்கும்.

ஆசை வந்துவிட்டதா?

பணம் செலவழிக்கும் முன்பு கேட்டுப் பாருங்கள். நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகம் ஒரு சிற்றலை வாங்கியை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. வெப்எஸ்டிஆர் என்று தேடினால் கிடைக்கும். கைப்பேசியிலேயே 7.030, 14.060 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போய் ஐரோப்பிய க்யூ.ஆர்.பி. ஆட்களின் மோர்ஸைக் கேட்கலாம்.

பிடித்திருந்தால் அடுத்தது தேர்வு. மலேசியாவில் தொடர்பு பல்லூடக ஆணையமும், சிங்கப்பூரில் ஐ.எம்.டி.ஏ.வும் இதைக் கவனிக்கின்றன. விதிமுறைகள், அடிப்படை மின்னியல், ஏரியல், பாதுகாப்பு ஆகியவைதான் பாடம். இடைநிலைப்பள்ளி இயற்பியல் நினைவிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. உரிமம் கைக்கு வரும்வரை ஒலிபரப்பும் பொத்தானைத் தொடக்கூடாது, அது சட்டப்படி குற்றம்.

மோர்ஸை எழுத்தில் புள்ளி, கோடு என்று மனப்பாடம் செய்யாதீர்கள். பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல ஓசையாகவே பழகுங்கள். மிருதங்கம் கற்ற பிள்ளைகளுக்கு இது வேகமாகப் பிடிபடும் என்பது என் ஊகம். ஏரியலுக்கு, 14 மெகாஹெர்ட்ஸ் என்றால் பக்கத்துக்கு ஐந்து மீட்டராக இரண்டு கம்பித் துண்டு போதும். மின்கம்பிக்கு அருகில் ஒருபோதும் கட்டாதீர்கள். இடி இடித்தால் கழற்றிவிடுங்கள். நம் ஊர் மின்னலோடு விளையாட்டு வேண்டாம்.

பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அயனி மண்டலம், நேர வித்தியாசம், உலக வரைபடம், மின்சாரம் எல்லாம் ஒரே மேசையில் கிடைக்கும். பாடம் என்று சொல்லாமலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம். இருபது நிமிடம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி என்பதும் அதோடு சேர்ந்து வந்துவிடும். பிள்ளைகளுக்கு மட்டுமா, நமக்கும்தான்.

தைப்பிங் அங்கிளுக்கு ஹொக்கைடோவிலிருந்து அத்தாட்சி அட்டை இன்னும் வரவில்லை. ஹாம்கள் அதை க்யூ.எஸ்.எல். அட்டை என்பார்கள். ஒவ்வொரு தொடர்புக்கும் தபாலில் அனுப்பிக்கொள்வது பழைய வழக்கம். வர மாதக் கணக்கில் ஆகலாம், வருடமும் ஆகலாமாம். "அவசரம் ஒண்ணும் இல்லம்மா, அவருக்கு நான் கேட்டுட்டேன், அது போதும்" என்கிறார்.

அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரை, 73.